சீல் மாற்றியும் நிற்காத கசிவு!

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் 6 ஏக்கரில் காபியும் ஊடுபயிராக மிளகும் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. போன வருடம் பழப் பறிப்பு தொடங்கும் முன்பு, ஒரு புரோக்கர் மூலம் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கினார். 15 வருடம் ஓடிய வண்டி. ஆனால், அடிப்பாகம் கழுவித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. 'நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்' என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, காபி காயப்போடும் களத்தில் வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். முதலில் பார்த்தவர் அவருடைய மனைவி. "இந்த வாடை காபியில ஏறினா யார் வாங்குவா? முதல்ல வண்டியை வெளியே எடுங்க" என்றார். சொன்னது நியாயம்தான். பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் காபிக்கொட்டை இழுத்துக்கொள்ளும்.

முன் டிஃபரன்ஷியலில், அதாவது முன் கிரவுனில், பினியன் ஆயில் சீல் போய்விட்டது என்றார் உள்ளூர் மெக்கானிக். புது சீல் போட்டார். பத்தே நாளில் மறுபடியும் சொட்டியது. இன்னொரு சீல் போட்டார்கள். அதுவும் நிற்கவில்லை. "ஃபோர் வீல் கியர் போட்டால்தானே முன் கிரவுனுக்கு வேலை? பறிப்பு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று பக்கத்துத் தோட்டக்காரர் யோசனை சொன்னார்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முன் சக்கரங்களில் இணைப்பை விடுவிக்கும் ஹப் இல்லாத பழைய ஜீப்புகளில், சக்கரம் உருளும்போதெல்லாம் முன் கிரவுனும் சேர்ந்தே சுற்றும். எண்ணெய் வற்றினால் பேரிங் சூடேறும், பற்கள் தேயும். கொண்டை ஊசி வளைவில் அது இறுகிப்போனால் முன் சக்கரங்கள் மாட்டிக்கொள்ளும். மூட்டைகளோடு பறிப்பு ஆட்களும் ஏறி வரும் வண்டி அது. அதை நினைத்ததும் அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

பட்டிவீரன்பட்டியிலிருந்து வந்த வயதான மெக்கானிக் சீலைத் தொடவே இல்லை. "அண்ணே, ஓடையில இறக்கி ஓட்டுவீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். தினமும் இரண்டு முறை என்றார் இவர். அச்சுக் கூட்டின் மேல் இருந்த சிறு மூடியைக் காட்டினார் மெக்கானிக். அதன் பெயர் ப்ரீதர். கிரவுன் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. போக வழி இல்லாத காற்று, எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. சூடான வண்டி குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியும் இருக்கிறது. மூடியைத் திறந்து வடித்தபோது எண்ணெய் பால் காபி நிறத்தில் வந்தது.

ப்ரீதரைச் சுத்தம் செய்தார்கள். பழைய சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்த ஃபிளேஞ்சையும் மாற்றினார்கள். தண்ணீர் கலந்த எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புது கியர் ஆயில் ஊற்றினார்கள். பேரிங்கில் சத்தம் இல்லாததால் தப்பித்தார். அதன் பிறகு சொட்டவில்லை.

பழைய ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வடிக்கும் போல்ட்டுக்கு முன்பாக, ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது கழலாவிட்டால், வடித்த பிறகு புது எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புத் துகள் மின்னினால் பற்களோ பேரிங்கோ தேய்கிறது. எந்த எண்ணெய் என்பதை வண்டிக் கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்தால், அது பிரேக்கிலும் இறங்கலாம். வண்டியை எடுக்கவே வேண்டாம். வடித்த எண்ணெயைச் செடி மூட்டிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள்.

இப்போது அவருடைய ஜீப் களத்துக்கு வெளியே நிற்கிறது, அடியில் ஒரு பழைய அட்டையோடு. காலையில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுக்கிறார்.