அருந்ததி தெரிந்த ஊர்!

ஏலகிரிக்குப் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். அதே வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர் என்று ஒரு சின்ன ஊர். படகுத்துறை, பூங்கா, பெரிய ஓட்டல் எதுவும் கிடையாது. ஆனால், அங்கே இருப்பது வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காத சரக்கு. நல்ல இருட்டு!

என் கணவர் ஓய்வு பெற்றதும் எங்கள் பழைய வேனின் பின் ஸீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார். ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஒரு குடம் தண்ணீர். மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டு விட்டோம். வளைந்து வளைந்து ஏறும் பாதை. இரு பக்கமும் புளியும் பலாவும். வழியில் சாமை விற்ற ஒரு பெண்ணிடம் இரண்டு படி வாங்கிக் கொண்டேன்.

வானத்துக்கு ஒரு வாசல்

காவலூரில் இருப்பது வேணு பாப்பு வானாய்வுக்கூடம். பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. விஞ்ஞானி வேணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்து, 1968ல் ஒரு சின்னத் தொலைநோக்கியுடன் வேலையைத் தொடங்கினார். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடவானம், தென்வானம் இரண்டையும் இங்கிருந்து பார்க்கலாமாம். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்கினார்கள். 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்துப் பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாவம், அதைப் பார்க்க அவர்தான் இல்லை. 1982லேயே காலமாகிவிட்டார்.

யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று 1977ல் தெரிய வந்ததில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. 1988ல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயரையே வைத்திருக்கிறார்கள்!

பொழுது சாய்ந்ததும் பார்வையாளர்களுக்கு ஒரு சிறிய தொலைநோக்கியில் வானத்தைக் காட்டினார்கள். வியாழனும் அதன் பக்கத்தில் கடுகு தெளித்தாற்போல் நாலு நிலவுகளும்! எனக்கு முன்னால் நின்ற குழந்தை நகரவே மாட்டேன் என்றது. தெற்கே அகத்திய நட்சத்திரத்தைக் கையால் காட்டினார்கள். அதற்குத் தொலைநோக்கியே வேண்டியிருக்கவில்லை.

விளக்கும் வேணும், இருட்டும் வேணும்

இரவு வண்டியை எங்கே நிறுத்துவது? ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஒரு டீக்கடை வாசலில், "ஏம்மா, இங்கே நிறுத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா நிறுத்திக்குங்கம்மா. லைட்டை மட்டும் அணைச்சிடுங்க" என்றாள் கடைக்காரப் பெண்.

வெளிச்சம் பெருகினால் நட்சத்திரம் மங்கும். சுற்றியுள்ள ஊர்களின் வெளிச்சம் வருஷத்துக்கு வருஷம் கூடுவதுதான் காவலூருக்கு இன்றைக்குப் பெரிய கவலை. சரி, விளக்கே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

"ராத்திரி புள்ளைக்கு உடம்பு சரியில்லேன்னு தூக்கிட்டு ஓடுறப்ப தெருவுல வெளிச்சம் வேணுமேம்மா. பாம்பு இருக்கா, பூச்சி இருக்கான்னு தெரிய வேணாமா?" என்று அவள் கேட்டபோது, எனக்கு அதுவும் நியாயமாகவே பட்டது.

யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் சண்டையே இல்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்தால் போதும். பாதைக்குப் பாதையும் ஆச்சு, வானத்துக்கு வானமும் ஆச்சு. நம் வீட்டு மொட்டை மாடி விளக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? இரவு முழுக்க விளக்கெரியும் அறையில் நல்ல தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற சுரப்பு குறைந்துவிடும். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் இதைக் கவனித்தால் நல்லது.

சாமைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வேனின் பின்கதவைத் திறந்தபடி படுத்தோம். நள்ளிரவு நெருங்கும்போது அவர் என்னை உலுக்கினார். "இங்கே பாரேன், வசிஷ்டர்! பக்கத்திலே ஒட்டிக்கிட்டு அருந்ததி!"

பார்த்தேன். நிஜமாகவே தெரிந்தது. கல்யாணத்தன்று பட்டப்பகலில் மண்டபத்து வாசலில் நின்று, "தெரியறதா?" என்று கேட்டதற்குத் தலையாட்டினோமே, அதே அருந்ததி! முப்பத்தாறு வருஷம் கழித்து, "ஏங்க, தெரியுதுங்க" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. போர்வையை என் தோள்வரை இழுத்து விட்டார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான். நேரத்தையும் அனுமதி முறையையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

* பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள். மழைக்காலமும் வேண்டாம்.

* குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், தொப்பி அவசியம். சாப்பாடும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

* டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டால் கண் கூசாது, நட்சத்திரமும் நன்றாகத் தெரியும்.

* திரும்பும்போது மலைச் சாமை ஒரு படியாவது வாங்கி வாருங்கள். விளைவித்தவருக்கும் உதவி, நம் உடம்புக்கும் நல்லது.