சாவி

திருவொற்றியூரில் அப்பா வேலை பார்த்த ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை பாய்லரை நிறுத்துவார்கள். அப்போது இருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் அதிகபட்சம் 12 மாதம்தான் செல்லுபடியானது. சூடு ஆறியதும் 24 வோல்ட் கைவிளக்கோடு அப்பா மேன்ஹோல் வழியாக உள்ளே இறங்குவார், உப்புப் படிவைச் சுரண்ட. படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கும். குழாய் பழுத்து வெடிக்கும்.

பக்கத்துப் பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் பொதுவான நீராவிக் குழாய், நடுவில் ஒரு வால்வு. அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். ஒருமுறை ஷிப்ட் மாறியபோது யாரோ அந்த வால்வைத் திருப்பப் பார்த்திருக்கிறார்கள்.

"பூட்டு இருந்துச்சு. அவ்ளோதான். அம்மாகிட்ட சொல்லிக்காத."

நான் சர்வர்களைப் பராமரிக்கிறவன். அங்கேயும் பூட்டு என்றுதான் சொல்வோம். அது தவறினால் நாலு பேருக்கு ராத்தூக்கம் போகும்.

2020 ஜூலை 1, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதத்துக்குள் அங்கே இரண்டாவது விபத்து. டிவி முன்னால் அப்பா கேட்டார்: "ஓட்டத்துல இருந்துச்சா, நிப்பாட்டி வேலை பாத்துக்கினு இருந்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. ரிமோட்டை வாங்கிச் சேனல் சேனலாக மாற்றினார். எல்லாவற்றிலும் புகையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள்.