கடைசி ஒரு சாண்

2022, பெற்றோல் வரிசை நாட்கள். மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு வாப்பாவின் பழைய 28 இஞ்சி சைக்கிளை வெளியே எடுத்தேன். அதில் பெட்டி கட்டி மீன் விற்றுத்தான் என்னைக் கல்விக் கல்லூரி வரை படிப்பித்தவர். பின் டயர் வெடித்துப் போயிருந்தது. அந்த நாட்களில் சைக்கிள் கடையிலும் வரிசைதான். டயரும் டியூபும் வாங்கி வந்து, இஷா தொழுதுவிட்டு நானே விறாந்தையில் உட்கார்ந்தேன்.

முக்கால் வட்டம் சுகமாக ஏறியது. கடைசி ஒரு சாண் ஏறவே இல்லை. பெருவிரல் இரண்டும் சிவந்ததுதான் மிச்சம். ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினேன், டக்கென்று ஏறியது. காற்றடித்தால் உஸ்ஸ். புது டியூபைக் குத்திவிட்டிருக்கிறேன். ஒட்டிவிட்டுத் திரும்ப நெம்பினேன். திரும்ப உஸ்ஸ். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டா.

வாப்பா கதிரையில் இருந்தார். பாரிசவாதம் வந்த பிறகு வலது கை வேலை செய்யாது. பேச்சு திரும்பியிருந்தது, ஆனால் பேசமாட்டார். வீட்டில் எதைக் கேட்டாலும் "நீங்களே பாருங்க" என்பார். எங்களுக்குக் கையைவிட அதுதான் கவலை.

"அத அங்கால வை, மகன்."

ஸ்குரூ டிரைவரைத்தான் சொன்னார்.

"எங்க தொடங்கின?"

"வால்வுப் பக்கத்தால, வாப்பா."

"அதுதான் பிழை. எதிர்ப்பக்கத்தால தொடங்கி வால்வுல முடி. ஏறின பக்கத்த நடுப்பள்ளத்துக்குள்ள அமத்தி அமத்தி வா."

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது. டயர் ஓரத்துக்குள் இருப்பது இரும்புக் கம்பி, எவ்வளவு இழுத்தாலும் நீளாது. பள்ளத்தில் வட்டம் சிறிது. ஓரத்தை அதற்குள் இறக்கினால் மிஞ்சும் தளர்வு கடைசிச் சாணுக்கு வந்து சேரும். வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் ஓரம் பள்ளத்துக்குள் இறங்காது, டியூபின் தடித்த அடி மறிக்கும். அதனால்தான் அங்கே முடிக்க வேண்டும். வருடா வருடம் பலகையில் இரண்டு பை ஆர் எழுதுகிற கணித ஆசிரியருக்கு இது விளங்கவில்லை!

திரும்ப ஒட்டினேன். டியூபுக்குக் கொஞ்சமாகக் காற்று விட்டு, அவர் சொன்னபடி கீழிருந்து இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு வந்தேன். கடைசித் துண்டு உள்ளங்கைக்கே ஏறிவிட்டது.

"இப்ப வால்வ உள்ளுக்கு ஒருக்காத் தள்ளி இழு. டியூப் ஓரத்துக்குக் கீழ மாட்டியிருந்தா விலகும். நட்டப் பொறகு இறுக்கு."

காற்றடித்துச் சுற்றினால் சில்லு ஒரு இடத்தில் துள்ளியது. அங்கே டயரின் கோடு ரிம்முக்குள் புதைந்திருந்தது. காற்றை இறக்கச் சொன்னார், சவர்க்காரத் தண்ணீர் தடவச் சொன்னார், திரும்ப அடிக்கச் சொன்னார். பட்டென்று ஒரு சத்தம். கோடு சுற்றிவரச் சமமாக வந்து நின்றது.

நான் கை கழுவிக்கொண்டிருக்க, உள்ளே பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"மகள், ரெண்டு பிளேன்டி போடுங்க. இவன் இன்னும் முன் டயரப் பாக்கல்ல."