டிங்கிள் மரங்களின் உச்சியிலே

ஆஸ்திரேலியக் கண்டத்தின் வரைபடத்தை விரித்து அதன் தென்மேற்கு மூலையை உற்று நோக்கினால், தென்மாக்கடலின் கரையோரமாக வால்போல் என்னும் சிற்றூர் தென்படும். பெர்த் மாநகரிலிருந்து ஏறத்தாழ 430 கிலோமீட்டர் தொலைவு. அவ்வூரை அடுத்த பெருங்காட்டில் ‘இராட்சதர் பள்ளத்தாக்கு’ என்று ஓரிடம் உண்டு. அங்கே இராட்சதர் எனப்படுவோர் மனிதரல்லர், மரங்களே. அம்மரங்களின் தலையுச்சியை ஒட்டி, நிலத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில், குழந்தை முதல் முதியவர் வரை யாவரும் நடந்து செல்லத்தக்க பாலம் ஒன்றை அமைத்துள்ளனர். இரண்டு தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரம் என்று கொள்ளலாம்.

பெர்த் நகரில் வாழும் தம்பி குடும்பத்தாருடனும், அங்கேயே தங்கியிருக்கும் எங்கள் தாயாருடனும் அவ்விடத்தைக் காணச் சென்றோம். முதல்நாள் இரவு டென்மார்க் என்னும் ஊரில் தங்கினோம். ஐரோப்பிய நாட்டின் பெயர் இங்கே எப்படி வந்தது என்று பிள்ளைகள் வியந்தனர். நாட்டுக்கும் ஊருக்கும் தொடர்பில்லை. 1829-ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆராய்ந்த வில்சன் என்னும் கடற்படை மருத்துவர், தம் நண்பரான டாக்டர் அலெக்சாண்டர் டென்மார்க்கின் பெயரை இங்குள்ள ஆற்றுக்குச் சூட்டினார். ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. மறுநாள் காலைச் செபம் முடித்து, எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் சென்றதும் காடு எங்களை விழுங்கிக்கொண்டது.

தைலமரத்தின் உறவினர்

டிங்கிள் என்பது இம்மரத்தின் பெயர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் காணும் தைலமரத்தின் இனத்தைச் சேர்ந்தது இது. நீலகிரிக்குத் தைலமரம் 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. இன்று உலகெங்கும் பரவிவிட்டது. டிங்கிளோ பிறந்த மண்ணை விட்டு நகராதது. செந்நிற டிங்கிள் மரம் இயற்கையாக வளர்வது வால்போலைச் சுற்றிய சிறு நிலப்பரப்பில் மட்டுமே. 75 மீட்டர் வரை உயர்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 20 மீட்டரையும் எட்டுகிறது. 400 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறது.

இம்மரங்களுள் பலவற்றின் அடிப்பகுதி குகை போலக் குடைந்து கிடப்பதைக் கண்டோம். காட்டுத்தீயும் பூஞ்சையும் பூச்சிகளும் உள்வயிரத்தைத் தின்றுவிடுகின்றன. ஆயினும் மரத்துக்கு உயிரூட்டும் பகுதி பட்டையை அடுத்து அமைந்திருப்பதால், உள்ளே கரிந்துபோன மரமும் உச்சியில் பசுந்தளிர் விட்டு நிற்கிறது. அடிமரத்தின் கருமையையும் உச்சியின் பசுமையையும் மாறி மாறிப் பார்த்த எங்கள் தாயார், “நம்மில் எத்தனை பேர் இப்படி நிற்கிறோம்!” என்றார்.

அன்பினால் வீழ்ந்த மரம்

நடைபாலம் தோன்றிய வரலாறு நெஞ்சைத் தொடுவது. முன்னாளில் இங்கு வந்தவர்கள் விருப்பம்போல் மரங்களினூடே உலவினர். பெரிய டிங்கிள் ஒன்றின் குகைக்குள் மோட்டார்க் காரை நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வது பல ஆண்டுகள் வழக்கமாயிருந்தது. தாத்தா நின்ற இடத்தில் பேரன் நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டாம். ஒருவரும் கோடரியால் அதை வெட்டவில்லை; தீ வைக்கவில்லை. எல்லாரும் அதன்மேல் அன்பு கொண்டே வந்தனர். ஆனால் டிங்கிளின் வேர்கள் ஆழமாக இறங்காமல் மேல்மண்ணில் படர்ந்து செல்பவை. ஆயிரமாயிரம் கால்களும் சக்கரங்களும் மிதித்து மண் இறுகவே, காற்றும் நீரும் வேர்களுக்கு எட்டாமற் போயின. 1990-ஆம் ஆண்டில் அம்மரம் சாய்ந்தது.

அதிகாரிகள் அதன்பின் இரண்டு வழிகளை எண்ணியிருக்கலாம். காட்டை அடைத்துவிடுவது ஒன்று. வருவோரைத் தடுக்காமல் அவர்தம் கால்களை மட்டும் வேர்களிலிருந்து விலக்குவது மற்றொன்று. அவர்கள் இரண்டாவதையே தேர்ந்தனர். 1996-இல் மர உச்சி நடைபாலம் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 60 மீட்டர் நீளமுள்ள எஃகுப் பாலத் துண்டுகள் உயர்ந்த தூண்களின்மேல் கோக்கப்பட்டுள்ளன. வளைந்து திரும்பும் முழுப் பாதையின் நீளம் 600 மீட்டர்.

படியில்லாப் பாதை

எங்கள் தாயாருக்கு முழங்கால் வலி மிகுந்து, சில ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியே துணை. குடும்பமாக எந்தக் குன்றுக்குச் சென்றாலும் அவர் அடிவாரத்திலேயே தங்கிவிடுவார். மலையாற்றூர்க் குன்றுக்கு நாங்கள் திருப்பயணம் சென்றபோதும், காலணிகளையும் பைகளையும் காத்துக்கொண்டு செபமாலையுடன் கீழே அமர்ந்திருந்தவர் அவர்தாம். இங்கும் நுழைவாயிலை அடைந்தவுடன், “பைகளை என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் போய் வாருங்கள்” என்றார்.

“இங்கே படியே கிடையாது அம்மா, நீங்களும் வருகிறீர்கள்” என்றான் தம்பி.

அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. “படியில்லாமல் அவ்வளவு உயரம் எப்படியடா ஏறுவது?” என்று கேட்டார்.

அதுவே இப்பாலத்தின் நுட்பம். பாதை தொடங்குமிடத்தில் நிலத்தோடு நிலமாக இருக்கிறது. பின்னர் அது மெல்லிய சாய்வில் மேலே செல்ல, அடியிலுள்ள நிலமோ பள்ளத்தாக்காகச் சரிந்து இறங்குகிறது. ஆகவே நாம் ஏறுவது சிறிதாயினும் உயரம் பெரிதாகிவிடுகிறது. சக்கர நாற்காலி தடையின்றி உருண்டு செல்கிறது. தளம் இரும்பு வலையாலானது. குனிந்தால் பெரணிகளும் புதர்களும் வெகு ஆழத்தில் தெரிகின்றன. நடக்கும்போது பாலம் இலேசாக அசைகிறது. அசைவதற்கென்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் இத்தனை பேர்தாம் நிற்கலாம் என்று அறிவிப்புப் பலகையும் உண்டு.

தம்பியின் இளைய மகளுக்கு ஒன்பது வயது. முதல் அசைவிலேயே கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள். கடிந்தும் கெஞ்சியும் பயனில்லை. அப்போது எங்கள் தாயார், “கண்ணு, அப்பாயிக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வா, இருவருமாகப் போவோம்” என்றார். பேத்தி பாட்டிக்குத் துணையானாள். பாட்டி பேத்திக்குத் துணையானார். மிக உயர்ந்த இடத்தை அவர்களே முதலில் அடைந்தனர்.

அங்கே எங்களைச் சுற்றிலும் இலைக் கடல். காற்று வீசும்போது பெருமரங்களும் பாலமும் ஒருசேர அசைந்தன. எங்கிருந்தோ கிளிகளின் ஒலி. தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மேலே போய்வந்தவர்கள் சொல்லத்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். இன்றைக்கு நானே பார்க்கிறேன்” என்றார். எங்களால் மறுமொழி கூற இயலவில்லை. குள்ளனான சக்கேயு ஆண்டவரைக் காண மரமேறிய நிகழ்ச்சியை எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். கால் நடவாதவருக்கும் ஒரு மரம் வேண்டும் என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

கீழே இறங்கியபின் ‘பண்டைப் பேரரசு’ என்று பெயரிட்ட மற்றொரு பாதை, முதிர்ந்த டிங்கிள்களின் அடிமரங்களுக்கிடையே நம்மை அழைத்துச் செல்கிறது. வேர்கள் மிதிபடும் இடங்களில் மரப்பலகைத் தளம் இட்டிருக்கிறார்கள். ஆண்டில் கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று மட்டும் நடைபாலம் மூடப்படும். புயல் போன்ற வேளைகளிலும் அனுமதி இல்லை. குடும்பத்தோடு செல்வோர் அரைநாளாவது ஒதுக்குதல் நலம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இப்பூவுலகை நமது பொது இல்லம் என்று அழைத்தார். ஓர் இல்லம் என்றால் அதன் சுவரும் தூணும் காக்கப்பட வேண்டும். அதில் வாழும் எவரும் வாயிலிலேயே நிறுத்தப்படலாகாது. இவ்விரண்டையும் ஒரே பாலத்தால் நிறைவேற்றியிருக்கிறார்கள் அக்காட்டைக் காப்போர்.

நம் ஊர்க் கோவில் வளாகங்களில் நிழல்தரும் வேம்பும் புங்கையும் நிற்கின்றன. அழகுக்காக அவற்றின் அடிவரை சிமெண்டு பூசி, வேர்களின் மூச்சை அடைத்துவிடுகிறோம். திருத்தலங்களில் மரப்பட்டையைக் கீறிப் பெயர் எழுதுகிறோம். பக்தியோடு வருகிறவர்களும் மரத்தைக் கொல்லக்கூடும் என்பதற்கு 1990-இல் சாய்ந்த அந்த டிங்கிளே சான்று. அவ்வாறே, ஆலய முகப்பில் உயர உயரப் படிகளைக் கட்டும் நாம், ஓரத்தில் ஒரு சாய்வுப் பாதைக்கு இடம் விட்டிருக்கிறோமா? ஞாயிறுதோறும் எத்தனை தாய்மார் படிகளுக்குக் கீழே அமர்ந்து, ஒலிபெருக்கியில் மட்டும் திருப்பலி காண்கிறார்கள்? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதனை யாரேனும் எழுப்பினால் நன்று. நான்கைந்து மூட்டை சிமெண்டும் கொஞ்சம் மனமும் போதும். 40 மீட்டர் உயரம் தேவையில்லை.