களியக்காவிளையிலிருந்து தும்பாவுக்கு



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் தாங்கள் எப்போதேனும் பயணம் செய்திருக்கக் கூடும். மார்த்தாண்டத்தையும் குழித்துறை ஆற்றுப் பாலத்தையும் தாண்டிய சிறிது நேரத்தில், தமிழும் மலையாளமும் கலந்த கடைப் பலகைகள் கண்ணில் படும். அதுதான் களியக்காவிளை, தமிழகத்தின் கடைசி ஊர். மேற்கேயிருந்து வருவோருக்கு அதுவே முதல் ஊர். தமிழகப் பேருந்தைவிட்டு இறங்குவோர் சில அடி நடந்து கேரளப் பேருந்தில் ஏறிக்கொள்வர். சந்தையில் ஏத்தன்குலைக்கும் மரச்சீனிக்கும் மீனுக்கும் இரு மொழியிலும் விலை பேசப்படும். சாயாக் கடையில் ஒருவர் தமிழில் கேட்க, மற்றவர் மலையாளத்தில் விடை சொல்வார். இருவருக்கும் அதில் வியப்பு இராது.

1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்னர் இங்கே எல்லை இல்லை. அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து, குமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்தில் இணைந்தன. மலைக்கு அப்பாலிருந்த செங்கோட்டையும் அதே நாளில் வந்து சேர்ந்தது. விளவங்கோடு வட்டத்தின் ஓரத்திலிருந்த களியக்காவிளை அவ்வாறுதான் எல்லையூர் ஆயிற்று. செங்கோட்டையின் பெயரைச் சற்று நினைவில் வைத்திருங்கள். அங்கே நாம் மீண்டும் செல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓதிய ஒரு மாணவி பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு பெற்றாள். மேலே படிக்க வைக்கலாமா என்று அவளுடைய வாப்பா என்னிடம் வந்து கேட்டார். ஊராரின் பேச்சுக்கு அஞ்சினேனோ, எனக்கென்ன என்று இருந்துவிட்டேனோ, “உங்கள் விருப்பம்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். படிப்பு நின்றது. இன்று அவளுடைய மகள் என்னிடம் ஓத வருகிறாள். சென்ற ஆண்டு மகளை விட்டுச்செல்ல வந்தவள் என்னிடம் கேட்டாள்: “உஸ்தாதே, அன்று வாப்பா உங்களிடம் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” அவள் குரலில் கோபம் இல்லை. என்னிடம் விடையும் இல்லை.

ஆகவேதான் இவ்வாண்டு, பிளஸ் டூ எழுதிய இன்னொரு மாணவி பொறியியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, அவளுடைய தந்தை என்னைத் தேடி வரும்வரை நான் காத்திருக்கவில்லை. சந்தையில் ஏத்தன்குலை வாணிபம் செய்யும் அவரிடம், “காக்கா, ஒரு நாள் கடையை அடையுங்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு தும்பாவரை போய் வருவோம்” என்றேன். என்ன நினைத்தாரோ, இசைந்தார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, கைத்தறிக்குப் பேர்பெற்ற பாலராமபுரம் ஆகியவற்றைக் கடந்து சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் திருவனந்தபுரம். நகருக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது தும்பா. 1960களின் தொடக்கத்தில் அது ஒரு மீனவர் குடியிருப்பு. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்கிறது. அக்கோட்டின்மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் வலுவான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழப் பறக்காது. அதை அளக்கச் சிறிய ராக்கெட்டுகளே ஏற்றவை. அதனால்தான் நம் நாட்டின் விண்வெளிப் பணி இந்த மணற்பரப்பில் தொடங்கிற்று.

அங்கிருந்த மேரி மக்தலேனா தேவாலயத்தை ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அறிவியலுக்கென மனமுவந்து வழங்கினார். ஆராதனை நடந்த மண்டபம் ஆய்வுக்கூடமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து விண்ணேறிற்று. அத்தேவாலயமே இன்று விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட்டின் முனைக்கூம்பை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் அந்நாளைய புகைப்படத்தின் முன் நம் வாணிபர் நெடுநேரம் நின்றார். இளமையில் மிதிவண்டியில் குலைகட்டிச் சந்தைக்குத் தள்ளி வந்தவரல்லவா! “இப்படியா கொண்டு போனார்கள்?” என்று இருமுறை கேட்டார்.

கடற்கரைக்கு வந்தோம். இதே கடல் மேற்கே சென்று ஆப்பிரிக்காவின் கென்ய நாட்டுக் கரையைத் தொடுகிறது. பூமியின் நடுக்கோட்டிற்கு அண்மையில், மலிந்தி என்னும் ஊருக்கு அருகே, கடலுக்குள் மேடை அமைத்து ராக்கெட் ஏவினார்கள். 1970 டிசம்பர் 12 அன்று அங்கிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோளே விண்ணின் எக்ஸ் கதிர்களை ஆராய்வதற்கென்று அமைந்த உலகின் முதல் செயற்கைக்கோள். அன்று கென்யாவின் விடுதலை நாள். ஆதலால் சுவாஹிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் ‘உஹுரு’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். பெருநகரங்களில்தான் பெரிய காரியங்கள் நடக்கும் என்பது நம்மவர் எண்ணம். இரு கரைகளிலும் அவை மீன்பிடி ஊர்களின் அருகில்தான் நடந்தன.

மணலில் அமர்ந்ததும் அவர் தம் மனத்திலிருந்ததைக் கொட்டினார். “பணத்துக்கு எங்கே போவேன், உஸ்தாதே?” என்றார் முதலில்.

இதே தும்பாவில் பணிபுரிந்த டாக்டர் அப்துல் கலாமின் கதையைச் சொன்னேன். இராமேசுவரத்தில் தொழுகை நடத்தி வந்த ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன் அவர். சிறுவயதில் புளியங்கொட்டை பொறுக்கி விற்றவர். நாளிதழ்க் கட்டுகளைச் சேர்ப்பித்தவர். சென்னையில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது சேர்க்கைக்குச் சுமார் 1000 ரூபாய் தேவைப்பட்டது. வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்தார். 1980 ஜூலை 18 அன்று நம் நாட்டின் எஸ்.எல்.வி. 3 ராக்கெட் ரோகிணியைச் சுமந்து விண்ணேறியபோது, அதன் திட்ட இயக்குநராய் இருந்தவர் அந்தத் தம்பிதான். அப்பெண்மணியின் வளையல்கள் எவ்வளவு உயரம் போய்விட்டன, பாருங்கள்!

“தமிழ் வழியில் படித்தவளாயிற்றே?” என்றார் அடுத்து.

நம் மாவட்டத்தையே காட்டினேன். நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த சிவன், குடும்பத்தின் முதல் பட்டதாரி. 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2018 முதல் 2022 வரை அதன் தலைவராய் இருந்தார். மேலக்காட்டுவிளையில் பிறந்த நாராயணன் 1984இல் சேர்ந்து, கடுங்குளிர் எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின் துறையில் தேர்ந்து, 2025 ஜனவரியில் அதே பொறுப்பை ஏற்றார். இருவரும் நம் ஊரைப் போன்ற ‘விளை’களில் பிறந்தவர்கள்தாம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் தாழ்ந்த குரலில், “அவர்களெல்லாம் ஆண்பிள்ளைகள், உஸ்தாதே” என்றார். மகள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசகர்களே, செங்கோட்டைக்கு வருவோம். களியக்காவிளை தமிழகத்தோடு இணைந்த அதே நாளில் இணைந்த எல்லையூர் அது. அவ்வூர்ப் பெண்மணி நிகர் ஷாஜி. அவர் தந்தை ஷேக் மீரான் கணிதப் பட்டம் பெற்றும் உழவையே தொழிலாகக் கொண்டவர். மகள் உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் படித்தார்; திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் பயின்றார்; 1987இல் இஸ்ரோவில் சேர்ந்து, முதலில் ஸ்ரீஹரிகோட்டாவிலும் பின்னர் பெங்களூரிலும் பணியாற்றினார். சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல் 1 திட்டத்தின் இயக்குநர் அவரே. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட அக்கலம், 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6 அன்று சென்றடைந்தது. கிரகணம் எதுவும் மறைக்காத அவ்விடத்திலிருந்து கதிரவனை இடைவிடாது நோக்க இயலும்.

“தலைமறைத்த நம் வீட்டுப் பெண்ணா?” என்றார் அவர்.

“ஆம் காக்கா. நம் வீட்டுப் பெண்தான்.”

திரும்பும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை. இருட்டும் வேளையில் களியக்காவிளையில் இறங்கினோம். மகளை முன்னே நடக்கவிட்டு, “கோணத்தில் இருக்கிற பொறியியல் கல்லூரிக்கு இங்கிருந்து தினமும் போய் வர முடியுமா, உஸ்தாதே?” என்று மெல்லக் கேட்டார். அது சம்மதம் அன்று. ஆயினும் மாட்டேன் என்றவர் தூரத்தையும் நேரத்தையும் கேட்கத் தொடங்கிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்!

சகோதரர்களே! தமிழக அரசு 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி, அவ்விடங்களுக்குரிய கட்டணத்தையும் தானே ஏற்றது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கிற்று. இவற்றைப் பற்றி நம் ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க எவ்வளவு சுண்ணக்கட்டி செலவாகும்?

மாநில எல்லையைப் பேருந்து ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. நம் பெண்பிள்ளைகள் கடக்க முடியாமல் நிற்பது வீட்டு வாசற்படியைத்தான். அங்கே தகப்பன் தயங்கி நிற்கையில், அருகிலிருக்கும் ஆலிமோ, ஆசிரியரோ, சாச்சாவோ, மாமாவோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் விழுங்கிவிட்டேன். தாங்கள் விழுங்கிவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.