எஞ்சினைத் தாங்கும் ரப்பர்



காரைப் பற்றிப் பேசும்போது எஞ்சின், கியர், பிரேக் ஆகியவற்றின் பெயர்கள் வரும். எஞ்சினைத் தாங்கி நிற்கும் மவுண்டிங்கின் பெயரோ அது அறுந்த பிறகே நம் காதில் விழும். இரும்போடு ரப்பரைப் பிணைத்துச் செய்யப்பட்ட சிறு உறுப்பு அது. எஞ்சின் இடம் பெயராமல் பிடித்துக்கொள்வதும், அதன் அதிர்வு வண்டியின் உடலுக்குப் பரவாமல் தணிப்பதும் அதன் இரு கடமைகள். எஞ்சினை நேராக இரும்புச் சட்டத்தில் முடுக்கினால் முதற்கடமை நிறைவேறும், இரண்டாவது கெடும். 1931-ஆம் ஆண்டில் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் கார்களின் எஞ்சினை ரப்பர் தாங்கிகளின் மீது அமர்த்தி, 'மிதக்கும் ஆற்றல்' என்று பொருள்படும் பெயரால் அதை விளம்பரப்படுத்தியது.

எங்கள் வீட்டில் மூன்று சிலிண்டர் கொண்ட பழைய கார் ஒன்று உண்டு. முதுகுவலியால் வருந்தும் என் உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அதில்தான். சென்ற ஆண்டு, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இருக்கைகள் நடுங்கத் தொடங்கின. "இதுக்கு ஆட்டோவே தேவலை வாப்பா" என்றார் உம்மா. பணிமனை ஒன்றில் எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றனர். மதரஸா ஊதியத்துக்கு அது எட்டாத செலவு. வண்டியை விற்றுவிடும் பேச்சும் எழுந்தது.

மெக்கானிக் வேலை அறிந்த என் மச்சான், "விக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை பார்த்துடுவோம் மச்சான்" என்றார். என்னை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, பிரேக்கை அழுத்தியபடியே கிளட்சை மெல்ல விடச் சொன்னார். பானட்டைத் திறந்து, வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று கவனித்தார். எஞ்சினின் ஓசை சீராகவே இருந்தது. ஆனால் அதன் ஒருபுறம் துள்ளி எழுந்தது. வலப்புற மவுண்டிங்கின் ரப்பர் கிழிந்து, ஆயிலில் ஊறிக் கிடந்தது. டேப்பட் கவர் பேக்கிங் வழியே கசிந்த ஆயில்தான் அதை அரித்திருந்தது. அந்தக் கசிவை அடைக்காமல் புதிய ரப்பரைப் பொருத்தினால் அதுவும் விரைவில் அழியும் என்பதால், முதலில் பேக்கிங்கை மாற்றினோம்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல்நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் இட்டோம். மறுநாள் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். ஜாக்கிக்கும் ஆயில் சம்புக்கும் இடையே அகலமான மரப்பலகை வைத்தோம். அது இல்லையேல் சம்பு நசுங்கிவிடும். மவுண்டிங்கின் மீதுள்ள பாரம் நீங்கும் அளவுக்கே ஜாக்கியை உயர்த்தினோம். அதற்கு மேல் தூக்கினால் குழாய்களும் ஒயர்களும் இழுபடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் நுழையலாகாது. அதைத் தவக்குல் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. எங்கள் வேலை முழுவதும் மேலிருந்தே முடிந்தது.

புதிய மவுண்டிங்கின் போல்ட்டுகள் அனைத்தையும் முதலில் கையாலேயே திருகி, மரை சரியாகப் பற்றியதை உறுதிசெய்தோம். எஞ்சினைத் தன் இயல்பான நிலையில் அமரவிட்ட பிறகே, சர்வீஸ் கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்கினோம். முன்கூட்டியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே தங்கி, விரைவில் கிழியும்.

மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பான மெல்லிய துடிப்பு இன்றும் இருக்கிறது. இருக்கைகளின் நடுக்கம் நின்றுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், வண்டி எங்களிடமே இருக்கிறது.

குலுக்கம் எங்கே தோன்றுகிறது என்பது ஒரு கேள்வி. அதைத் தணிக்க வேண்டியது ஏன் தணிக்கவில்லை என்பது வேறொரு கேள்வி. உங்கள் வண்டி நின்ற இடத்தில் நடுங்கினால், எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் அந்த இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். சிறியதொரு ரப்பரின் விலையோடு செலவு முடிந்துவிடவும் கூடும்.