மூடிய பின் விழித்திருப்பது யார்?

மின்னஞ்சல் செயலியை மூடிவிட்ட பிறகும் புதிய அஞ்சல் வந்தவுடன் கணினி அதைத் தெரிவிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஒன்றோடொன்று இசையாத இரண்டைக் கேட்கிறார்கள். கணினித் திரையில் எந்த அறிவிப்பும் தானாக முளைப்பதில்லை. செய்தியை வாங்கித் திரையில் காட்டும் நிரல் ஏதேனும் ஒன்று அந்தக் கணத்தில் இயங்கிக்கொண்டிருந்தாக வேண்டும். செயலி மூடியிருக்கையிலும் அறிவிப்பு வருகிறதென்றால், அதற்குப் பதிலாக வேறொன்று விழித்திருக்கிறது என்றுதான் பொருள். அது யாருடைய கணினியில், யாருடைய பொறுப்பில் விழித்திருக்கிறது என்பதே இதில் உண்மையான கேள்வி; அமைப்புப் பட்டியலில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது அதற்கு அடுத்தது.

தொடக்கத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவான யூனிக்ஸ் வகையான பி.எஸ்.டி. இயங்குதளத்தில் 1980ஆம் ஆண்டு ‘பிஃப்’ என்னும் சிறு கட்டளை சேர்க்கப்பட்டது. அது அங்குப் பயின்ற மாணவி ஒருவருடைய நாயின் பெயர். தபால்காரரைக் கண்டால் குரைக்கும் என்பதால்தான் அப்பெயர் வைக்கப்பட்டது என்ற சுவையான கதையை நாய்க்கு உரியவரே மறுத்திருக்கிறார். கதை மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பலர் முனையங்களின் வழியே ஒரே பெரிய கணினியைப் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. அஞ்சல் வந்து சேர்வதும் அதே கணினியில்தான், அதைப் படிப்பவர் அமர்ந்திருப்பதும் அதே கணினியின் முனையத்தில்தான். எனவே, அஞ்சலைப் பெட்டியில் இடும் நிரல், ‘காம்சாட்’ என்னும் பின்னணிச் சேவைக்கு, அதாவது பயனர் கண்ணில் படாமல் எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்கு, இன்னாருக்கு அஞ்சல் வந்தது என்று ஒரு சிறு தகவல் அனுப்பும். காம்சாட் அந்த அஞ்சலின் முதல் சில வரிகளை அவருடைய திரையில் எழுதிவிடும்.

அறிவிப்பு வேண்டும் என்ற விருப்பத்தை எங்கே குறித்துவைத்தார்கள் என்பது இன்னும் நுட்பமானது. யூனிக்ஸில் முனையமும் ஒரு கோப்பாகவே கருதப்படுகிறது. கோப்புகளுக்குப் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று அனுமதிகள் உண்டு. முனையத்தை ஒரு நிரல்போல இயக்க முடியாது என்பதால் மூன்றாவது அனுமதி அங்குப் பயனற்றுக் கிடந்தது. பிஃப் அதையே அறிவிப்புக்கான அடையாளமாக எடுத்துக்கொண்டது. இவ்வளவு சிக்கனமான தீர்வு பிற்காலத்தில் அமையவில்லை.

மேசைக்கு மேசை தனிக்கணினி வந்தபோது அஞ்சல்பெட்டி ஓரிடத்திலும் படிப்பவர் வேறோரிடத்திலுமாகப் பிரிந்தார்கள். இன்றைய சிக்கல் அங்கேதான் பிறந்தது. அஞ்சல்களைச் சேமித்து வைத்துக் கேட்கும்போது தரும் கணினியான வழங்கியிலிருந்து அவற்றை எடுத்துவர, 1984இல் ‘பாப்’ என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டது. நெறிமுறை என்பது இரு கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளின் தொகுப்பு. இந்த விதிகளில் வழங்கி தானாக வாய் திறப்பதற்கு வழியில்லை. அஞ்சலகச் சாளரத்தில் நின்று ‘கடிதம் ஏதும் உண்டா’ என்று வினவுபவரைப் போலச் செயலிதான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போய்க் கேட்டுவர வேண்டும். செயலியை மூடினால் கேட்க ஆளில்லை. இடைவெளியைக் குறைத்தால் வழங்கிக்கு வீண்சுமை, கூட்டினால் செய்தி ஆறிப்போகும்.

இந்நிலையை மாற்றியது, மார்க் கிரிஸ்பின் 1986இல் உருவாக்கிய ‘ஐமேப்’ நெறிமுறைக்கு 1997இல் கிடைத்த ‘ஐடில்’ என்னும் கூடுதல் விதி. இதன்படி செயலி ‘காத்திருக்கிறேன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கும். புதிய அஞ்சல் வரும்போது வழங்கி அவ்விணைப்பின் வழியே, பெட்டியில் இப்போது இத்தனை அஞ்சல்கள் உள்ளன என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்பும். அனுப்பியவர் யார், பொருள் என்ன என்பவற்றைச் செயலி அதன் பிறகே கேட்டுப் பெறுகிறது. அரைமணி நேரம் பேச்சில்லாத இணைப்பை வழங்கி முறித்துக்கொள்ளக்கூடும் என்பதால், 29 நிமிடங்களுக்கு ஒருமுறையேனும் காத்திருப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவ்விதியே அறிவுறுத்துகிறது. உடனுக்குடன் செய்தி கிடைக்கிறது என்றாலும், இணைப்பின் இம்முனையைப் பிடித்துக்கொண்டிருக்கச் செயலி உயிரோடு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது.

இங்கேதான் ‘மூடுதல்’ என்னும் செயலைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேக் கணினியில் சாளரத்தின் மூலையிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சாளரம் மறையுமே தவிர மெயில் செயலி பெரும்பாலும் நின்றுவிடாது. அதை முழுமையாக நிறுத்தத் தனிக் கட்டளை உண்டு. விண்டோஸிலோ பெருக்கல் குறியை அழுத்தினால் பல செயலிகள் அடியோடு வெளியேறிவிடுகின்றன. கடிகாரத்தின் அருகே சிறு படமாக ஒடுங்கியிருக்கும்படி அவற்றில் சிலவற்றை அமைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரே பழக்கத்தோடு இரு கணினிகளிலும் பணிபுரிபவருக்கு ஒன்றில் அறிவிப்பு வருவதும் மற்றதில் வராமல்போவதும் வியப்பன்று. உலாவியில் ஜிமெயிலைப் பயன்படுத்துபவருக்கும் இதே நிலைதான். அந்தப் பக்கம் ஏதேனும் ஒரு தாவலில் திறந்திருந்தால்தான் கணினியில் அறிவிப்பு தோன்றும்.

செயலியை உண்மையாகவே மூடிவிட்டு அறிவிப்பை மட்டும் பெறுவதற்கான வழி, விழித்திருக்கும் வேலையை இயங்குதளத்திடமோ உலாவியிடமோ ஒப்படைப்பது. 2009இல் ஆப்பிள் தன் கைபேசிகளுக்குத் தொடங்கிய தள்ளு அறிவிப்புச் சேவையும், 2016இல் பொதுத்தரமாக வெளியான இணையத் தள்ளு நெறிமுறையும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு செயலியும் தனித்தனியே காத்திருப்பதற்குப் பதிலாக, கருவியிலிருந்து இயங்குதளத்தையோ உலாவியையோ உருவாக்கிய நிறுவனத்தின் வழங்கிக்குச் செல்லும் ஒரே இணைப்பு எல்லாவற்றுக்குமாகக் காத்திருக்கிறது. மின்கலமும் இணையமும் மிச்சமாகின்றன என்பது உண்மை. ஆனால் அஞ்சலோடு தொடர்பற்ற மூன்றாம் தரப்பு ஒன்று இடையில் வந்து அமர்கிறது என்பதும் அதே அளவு உண்மை. செய்தியின் உள்ளடக்கத்தை மறைகுறியாக்கி அனுப்பினாலும், எந்தக் கருவிக்கு எப்போது அறிவிப்பு போயிற்று என்பது இடையிலிருப்பவருக்குத் தெரியும். அரசுகள் இத்தகைய பதிவுகளை ஆப்பிள், கூகுள் நிறுவனங்களிடம் கேட்டுப் பெறுவதை அமெரிக்க மேலவை உறுப்பினர் ரான் வைடன் 2023 டிசம்பரில் வெளிப்படுத்தினார். இதை எண்ணிப் பார்த்தால், மேசைக் கணினியில் அஞ்சல் செயலியை நிறுத்தாமல் பின்னணியில் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய முறையே, சிறிது நினைவகத்தை விழுங்கினாலும், மேலானது எனலாம். அங்கே காவலிருப்பது பயனரின் சொந்தக் கணினியே.

கணினியே உறங்கிவிட்டால் இவ்வழிகள் எதுவும் உதவுவதில்லை. 2012இல் மேக் மடிக்கணினிகள் சிலவற்றுக்கு வந்த ‘பவர் நாப்’ வசதி, உறங்கும் கணினியை அவ்வப்போது சற்றே எழுப்பி அஞ்சல்களை இறக்கிக்கொள்ளச் செய்கிறது. ஆனால் திரையை ஒளிரச் செய்யாமலும் ஓசை எழுப்பாமலும் அது நடப்பதால், அஞ்சல் கணினிக்குள் வந்து சேர்ந்த பின்னும் உரியவருக்கு அறிவிப்பு கிடைப்பதில்லை.